ஜெனட் ரேங்கின் எப்படி வாக்களித்தார்?

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு காலத்தில் பெயர் வாசித்துத்தான் வாக்கெடுப்பார்கள். அவை எழுத்தர் அகரவரிசைப்படி ஒவ்வொரு பெயராக உரக்கப் படிப்பார். உறுப்பினர் தன் இடத்திலிருந்தே 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ குரல் கொடுப்பார். நானூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் என்பதால் படித்து முடிக்க வெகுநேரம் ஆகும். முடிந்ததும், பதில் வராத பெயர்களை மட்டும் இரண்டாம் முறை வாசிப்பார். வெளியே போனவர்கள் ஓடி வந்து வாக்களிக்க இந்த இரண்டாவது வாசிப்பு உதவியது. உள்ளேயே உட்கார்ந்துகொண்டு மனம் ஒரு நிலைக்கு வராமல் தவிப்பவர்களுக்கும் அது ஒரு சின்ன அவகாசம்.

1917 ஏப்ரல் 6, புனித வெள்ளி. விடியற்காலை மூன்று மணி சுமாருக்கு அந்தச் சபையில் அப்படி ஒரு வாசிப்பு நடந்தது. ஜெர்மனி மீது போர் தொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. 'ரேங்கின்' என்ற பெயர் முதல் முறை வாசிக்கப்பட்டபோது பதில் வரவில்லை. முன்னாள் சபாநாயகர் ஜோசப் கேனன், வயதில் மூத்தவர், அவர் இருக்கைக்கு வந்து குனிந்து, வாக்களிக்காமல் இருந்துவிடக் கூடாது, இந்த நாட்டுப் பெண்கள் அனைவருக்கும் நீதான் பிரதிநிதி என்ற பொருளில் சொன்னார். இரண்டாம் முறை பெயர் வந்ததும் ஜெனட் ரேங்கின் எழுந்து நின்றார். நாட்டோடு நிற்கவே விரும்புகிறேன், ஆனால் போருக்கு வாக்களிக்க என்னால் முடியாது என்றார். வாக்கெடுப்பின் நடுவே யாரும் விளக்கம் சொல்லக் கூடாது என்பது அவை மரபு. அந்த மரபு அங்கே உடைந்தது. எழுத்தர் குழம்பிப்போய், 'இல்லை' என்றுதானே வாக்களிக்கிறீர்கள் என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டியிருந்தது.

அப்போது அவருக்கு வயது 36. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். பதவியேற்று நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

தீர்மானம் 373க்கு 50 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்த 50 பேரில் 49 பேர் ஆண்கள். ஜனாதிபதியின் சொந்தக் கட்சியின் அவைத் தலைவரான கிளாட் கிட்சினும் அவர்களில் ஒருவர். ஆனால் மறுநாள் பத்திரிகைகள் எழுதியது ரேங்கினைப் பற்றித்தான். அழுதார் என்றார்கள், தேம்பினார் என்றார்கள், பெண்ணுக்கு இந்த வேலை ஆகாது என்றார்கள். பின்னாளில் நியூயார்க் மேயரான ஃபியோரெல்லோ லா கார்டியா அன்று அவையில் உறுப்பினராக இருந்தவர். அந்தப் பெண் அழுதாரா என்று கேட்டதற்கு, என் கண்ணிலேயே நீர் நிறைந்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை என்று பதில் சொன்னார். அந்த அவையில் அன்று கலங்காதவர் குறைவு. கலங்கியதற்காகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவரே.

ரேங்கின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் தெரிந்திருக்கும். இரண்டு உலகப் போர்களுக்கும் எதிராக வாக்களித்த ஒரே உறுப்பினர் என்பது அந்த வரி. அது உண்மைதான். ஆனால் இந்த இரண்டு 'இல்லை'களுக்கும் நடுவே அவர் போட்ட மற்ற வாக்குகளையும் சேர்த்துப் படித்தால் வேறொரு ஆள் தெரிகிறார். சிலையாக நிற்பவரைவிட அந்த ஆளை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விளக்கம். நம் நாட்டில் 1985 முதல் கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியே பறிபோகலாம். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறிவிடுவதால், நம் தொகுதி எம்.பி. எப்படி வாக்களித்தார் என்ற கேள்விக்குப் பல நேரங்களில் ஏட்டில் பதிலே இருக்காது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கேயும் கொறடா உண்டு, ஆனால் கட்சியை மீறி வாக்களித்தவரின் பதவியை அவரால் பறிக்க முடியாது. அவையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால், யார் 'ஆம்', யார் 'இல்லை' என்று பெயரோடு ஏட்டில் பதிய வேண்டும் என்று அரசியலமைப்பின் முதல் பிரிவே சொல்கிறது. ஆகவே அங்கே வாக்கு என்பது கட்சிக்கு முன்னால் அந்த மனிதரின் பெயரில் நிற்கிறது. அடுத்த தேர்தலில் எதிராளி அதைத் தூக்கிக்கொண்டு வருவார். நூறு ஆண்டு கழித்து நாமும் எடுத்துப் பார்க்கலாம்.

ரேங்கின் 1880 ஜூன் 11 அன்று மிசூலா ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் பிறந்தார். மொன்டானா அப்போது மாநிலமாகக்கூட ஆகவில்லை. அதற்கு ஒன்பது ஆண்டு கழித்துத்தான் ஆனது. அப்பா தச்சு வேலையும் மரவாடியும் பண்ணையும் பார்த்தவர், அம்மா பள்ளி ஆசிரியை. பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். 1902இல் உயிரியலில் பட்டம் பெற்றார். பிறகு சில காலம் என்ன செய்வது என்று தெரியாமல் அலைந்தவர்தான். பள்ளியில் பாடம் நடத்தினார், தையல் வேலை பார்த்தார். பாஸ்டன் போனபோது சேரிகளின் நிலையைக் கண்டார். சான் பிரான்சிஸ்கோவில் ஏழைகளுக்கான சேவை இல்லமொன்றில் வேலை செய்தார். நியூயார்க் போய்ச் சமூகப்பணி படித்தார்.

குழந்தைகளுக்கான வேலையைச் செய்யப் போனவருக்கு ஒன்று புரிந்தது. ஒவ்வொரு குழந்தையாகக் காப்பாற்றிக்கொண்டிருப்பதைவிட, அந்தக் குழந்தைகளை அந்த நிலையில் வைத்திருக்கும் சட்டத்தை மாற்ற வேண்டும். சட்டத்தை மாற்ற வாக்கு வேண்டும். பெண்ணுக்கு அது இல்லை. 1910இல் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பிரசாரத்தில் சேர்ந்தார், அந்த ஆண்டே அங்கே வெற்றி கிடைத்தது. 1911 பிப்ரவரியில் சொந்த மாநிலத்துச் சட்டமன்றத்தில் வாக்குரிமை கேட்டுப் பேசினார். அந்த அவையில் பேசிய முதல் பெண் அவர். பிறகு மாநிலம் மாநிலமாகப் போய்ப் பிரசாரம் செய்து, 1914இல் மொன்டானாவிலும் வாக்குரிமை பெற்றுத் தந்தவர்களில் ஒருவரானார்.

இரண்டே ஆண்டில் தானே வேட்பாளர். மொன்டானாவுக்கு அப்போது பிரதிநிதிகள் சபையில் இரண்டு இடங்கள். தொகுதி பிரிக்கவில்லை, மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. டெக்சாஸ், கலிபோர்னியாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே பரப்பில் பெரிய மாநிலம் அது. வீட்டுக்கும் வீட்டுக்கும் மைல் கணக்கில் தூரம். வாக்குரிமைப் போராட்டத்துக்காக ஊர் ஊராக அலைந்தவருக்கு ஒவ்வொரு ஊரிலும் வாசல் திறக்கப் பெண்கள் இருந்தார்கள். தம்பி வெலிங்டன் வழக்கறிஞர், வசதியானவர். பிரசாரத்தை நடத்தியதும் பணம் போட்டதும் அவரே. குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று, இரண்டு இடங்களில் ஒன்றை ரேங்கின் பிடித்தார். நாட்டின் பெரும்பகுதியில் பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலத்தில் ஒரு பெண் சட்டம் இயற்றும் அவைக்குள் போனார்.

1917 ஏப்ரல் 2 காலையில் தலைநகரில் அவருக்கு விருந்து வைத்தார்கள். வாக்குரிமை இயக்கத்தின் இரண்டு பிரிவினரும் வந்திருந்தார்கள். நிதானமாகப் போகலாம் என்ற கேரி சாப்மன் கேட் ஒரு பக்கம், மறியலில் இறங்கிய ஆலிஸ் பால் இன்னொரு பக்கம், நடுவில் ரேங்கின். பூங்கொத்துகளோடு ஊர்வலமாக அவைக்குப் போனார். அன்று மாலையே ஜனாதிபதி வுட்ரோ வில்சன் அதே அவையில் வந்து நின்று போர்ப் பிரகடனம் கேட்டார். உலகத்தை ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பானதாக ஆக்க வேண்டும் என்ற அவருடைய புகழ்பெற்ற பேச்சு அதுதான்.

அடுத்த நான்கு நாளும் ரேங்கினை எல்லாரும் இழுத்தார்கள். போரை எதிர்த்தால் பெண்களுக்கு வீரம் இல்லை, அரசியல் தெரியாது என்பார்கள், வாக்குரிமை பல ஆண்டு தள்ளிப்போகும் என்று கேட் தரப்பினர் கவலைப்பட்டார்கள். தம்பி வெலிங்டனும் ஆதரித்து வாக்களிக்கச் சொல்லி மன்றாடினார், இல்லையென்றால் மறுபடி ஜெயிக்க முடியாது என்றார். அவர் கணக்கு தப்பவில்லை. பிற்காலத்தில் இந்த வாக்கைப் பற்றி ரேங்கின் சொன்ன காரணம் எளிமையானது. போர் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு முதல் பெண்ணுக்கு முதன்முறை கிடைக்கும்போது அவள் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது என்றார்.

இதோடு கதையை நிறுத்தினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் 1917 டிசம்பர் 7 என்று ஒரு நாள் இருக்கிறது.

அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர்ப் பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தது. 365 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர் ஒரே ஒருவர், நியூயார்க்கைச் சேர்ந்த சோசலிஸ்ட் உறுப்பினர் மேயர் லண்டன். ரேங்கின் ஆதரித்து வாக்களித்தார். சும்மா வாக்களித்துவிட்டு உட்காரவில்லை, காரணத்தையும் பதிவு செய்தார். நாடுகளுக்கு இடையிலான சிக்கலைத் தீர்க்கப் போர் முட்டாள்தனமான, பயனற்ற வழி என்றே இன்னும் நம்புகிறேன் என்றார். ஆனால் இப்போது கேட்கப்படுவது போருக்குப் போகலாமா என்பது அல்ல, ஏற்கெனவே அறிவித்துவிட்ட போரை நடத்துவதில் ஒரு சட்ட நடைமுறை மட்டுமே, போருக்கான பணத்துக்கும் ஆட்களுக்கும் எப்படி வாக்களித்தேனோ அப்படியே இதற்கும் வாக்களிக்கிறேன் என்றார்.

பணத்துக்கும் ஆட்களுக்கும். அதாவது, ஏப்ரலில் போரை எதிர்த்தவர் அதன் பிறகு போர்ச் செலவுகளுக்கு ஆதரவாக வாக்களித்துக்கொண்டுதான் இருந்தார். இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. போவதா வேண்டாமா என்ற கேள்வியில் தோற்றவர், மாநிலத்திலிருந்து பையன்களை அனுப்பிவிட்ட பிறகு, அவர்களுக்குத் துப்பாக்கியும் போர்வையும் சோறும் கிடைக்காமல் செய்வதா என்ற கேள்வியை எதிர்கொள்கிறார். அது வேறு கேள்வி. ஆனாலும் டிசம்பர் வாக்கு அவரை உள்ளுக்குள் உறுத்தியிருக்கும் என்றே நினைக்கிறேன். 24 ஆண்டு கழித்து அதே போன்ற ஒரு நிலைமை வந்தபோது அவர் வேறு மாதிரி நடந்துகொண்டார். அதற்குப் பிறகு வருகிறேன்.

வாக்குப் பட்டியலில் வராத வேலைகளும் இருக்கின்றன. அரசாங்கத்தின் நோட்டு அச்சடிக்கும் கூடத்தில் பெண் தொழிலாளர்களை நாள் முழுக்கப் பிழிந்தெடுக்கிறார்கள் என்று புகார் வந்தது. ரேங்கின் ஆள் வைத்து விசாரித்தார், நாடாளுமன்ற விசாரணை வைப்பேன் என்று எச்சரித்தார். கருவூலச் செயலர் மக்காடூ இறங்கிவந்து எட்டு மணி நேர வேலையைத் திரும்பக் கொண்டுவந்தார். இதற்கு ஒரு வாக்கெடுப்பும் நடக்கவில்லை. எந்த ஏட்டிலும் 'ஆம்' 'இல்லை' கிடையாது. உறுப்பினர் ஒருவரை வாக்குகளை மட்டும் வைத்து எடைபோட்டால் இவையெல்லாம் விழுந்துவிடும்.

அவர் அரசியல் வாழ்க்கையை முறித்தது போர் வாக்கு மட்டும் என்று சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி பியூட் நகரத்துச் செம்புச் சுரங்கத்தில் இருக்கிறது. 1917 ஜூன் 8 இரவு அங்கே ஒரு சுரங்கத்தில் தீப்பிடித்து 168 பேர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெரும் செம்பு நிறுவனம் அனகொண்டா. மொன்டானாவில் 'கம்பெனி' என்றாலே அதுதான். பத்திரிகைகள் பல அதன் பிடியில், சட்டமன்றத்திலும் அதன் கை நீளம். ரேங்கின் தொழிலாளர் பக்கம் நின்றார், சமரசம் பேசப் பார்த்தார், முடியாதபோது சுரங்கங்களை அரசே எடுத்து நடத்த வழிசெய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

அதே ஆண்டு மொன்டானா சட்டமன்றம் மாநிலத்தை இரண்டு தொகுதிகளாகப் பிரித்தது. ரேங்கினின் ஊர் இருந்த மேற்குத் தொகுதி ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அங்கே நின்றால் தோல்வி உறுதி. ஆகவே 1918இல் செனட்டுக்குப் போட்டியிட்டார். குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் சொற்ப வித்தியாசத்தில் தோற்று, பிறகு நேஷனல் கட்சி என்ற சிறு கட்சியின் சார்பில் நின்று மூன்றாவதாக வந்தார். தொகுதிக் கோட்டை நகர்த்தி ஓர் உறுப்பினரை வீட்டுக்கு அனுப்பும் வித்தை எவ்வளவு பழையது என்பதற்கு இது ஒரு சான்று.

ஆனால் போவதற்கு முன் ஒரு வாக்கு போட்டார். போர் வாக்குகளுக்குக் கிடைத்த புகழில் கால்பங்குகூட இதற்குக் கிடைத்ததில்லை.

1918 ஜனவரி 10. பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. அதற்கென்று ஒரு குழு அமைக்கப் போராடியவர்களில் ரேங்கினும் ஒருவர், அந்தக் குழுவில் உறுப்பினரும்கூட. விவாதத்தைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான். வில்சனின் சொல்லையே எடுத்துத் திருப்பினார். உலகத்தை ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பாக்கப் போருக்கு வாக்களித்த அதே அவை, நம் நாட்டுப் பெண்களுக்கு இந்தச் சிறு அளவு ஜனநாயகத்தை மறுத்தது என்று நாம் எப்படி விளக்கப்போகிறோம் என்று கேட்டார்.

அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்று இரு தரப்பும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். டென்னசியைச் சேர்ந்த தீட்டஸ் சிம்ஸ் தோள் எலும்பு முறிந்த நிலையில் வந்தார். எலும்பைச் சேர்த்துக் கட்டினால் வாக்கெடுப்பைத் தவறவிட நேரும் என்று, வலியோடு அவையில் உட்கார்ந்திருந்தார். சிகாகோவின் ஜேம்ஸ் மான் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுந்து வந்தார். இன்னொருவரைத் தூக்குப்படுக்கையில் கொண்டுவந்தார்கள். நியூயார்க்கின் ஃபிரெடெரிக் ஹிக்ஸ், சாகக் கிடந்த மனைவியின் பக்கத்திலிருந்து வந்தார். அந்த அம்மாள் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர். ஹிக்ஸ் வாக்களித்துவிட்டு, மனைவியின் இறுதிச் சடங்குக்குத் திரும்பினார்.

முடிவு: ஆதரவு 274, எதிர்ப்பு 136. மொத்தம் 410 வாக்குகள். அதில் மூன்றில் இரண்டு பங்கு 273.33, அதாவது 274 பேர் தேவை. ஒரு வாக்குகூட மிச்சமில்லை. அந்தத் தோள், அந்தத் தூக்குப்படுக்கை, அந்தச் சாவு வீடு எல்லாம் சேர்ந்துதான் அந்த 274. அதில் ஒன்று ஒரு பெண்ணின் வாக்கு.

செனட் அந்த ஆண்டு திருத்தத்தைத் தோற்கடித்தது. 1919இல் மீண்டும் இரு அவைகளிலும் வந்து நிறைவேறி, 1920 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது ரேங்கின் அவையில் இல்லை, வேறு பெண்ணும் இல்லை. ஆக, அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை தர நாடாளுமன்றத்தில் வாக்களித்த ஒரே பெண் அவர்தான். தாய்சேய் நலத்துக்கு அரசு பணம் தர வேண்டும் என்று 1918இல் அவர் கொண்டுவந்த மசோதாவும் அப்போது தேறவில்லை. மூன்று ஆண்டு கழித்து ஷெப்பர்டு-டவுனர் சட்டம் என்று வேறு இருவர் பெயரில் அது வந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1919இல் ஜேன் ஆடம்ஸ் போன்றவர்களோடு சூரிச் நகரில் நடந்த பெண்கள் மாநாட்டுக்குப் போனார். தொழிலாளர், நுகர்வோர் இயக்கங்களில் உழைத்தார். ஜார்ஜியா மாநிலத்தில் சிறு நிலம் வாங்கி எளிமையாக வாழ்ந்துகொண்டு, அங்கே ஒரு சமாதான சங்கத்தைத் தொடங்கினார். 1930களில் பெரும்பகுதியும் போர்த் தடுப்பு அமைப்பு ஒன்றின் சார்பில் தலைநகரில் உறுப்பினர்களின் அறைக் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

1940இல், 60ஆவது வயதில், மறுபடி மொன்டானாவில் நின்றார். ஐரோப்பாவில் போர் எரிந்துகொண்டிருந்தது. நம் பிள்ளைகளை அதில் தள்ளக் கூடாது என்பதே அவர் பேச்சு, அமெரிக்காவில் பலரின் மனநிலையும் அதுதான். ஜெயித்தார். நேச நாடுகளுக்கு ஆயுத உதவி செய்யும் மசோதா 1941 பிப்ரவரியில் வந்தபோது, நாடாளுமன்ற அனுமதி இல்லாமல் படைகளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தோற்றது. மசோதாவையே எதிர்த்து வாக்களித்தார், ஆனாலும் அது நிறைவேறியது.

டிசம்பர் 7, ஞாயிறு. பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு வீசியது. டெட்ராய்ட்டில் பேசுவதற்காக ரயிலில் போய்க்கொண்டிருந்த ரேங்கின் பிட்ஸ்பர்க்கில் இறங்கித் தலைநகர் திரும்பினார். மறுநாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பேசி முடித்த கையோடு பிரகடனம் சபைக்கு வந்தது. ரேங்கின் பேச எழுந்தார். சபாநாயகர் சாம் ரேபர்ன் அனுமதிக்கவில்லை. மறுபடி எழுந்தார், மறுபடி இல்லை. அவையில் பலரும் உட்காரு என்று கத்தினார்கள். வாக்கை மாற்றும்படியோ, வாக்களிக்காமலாவது இருக்கும்படியோ சக உறுப்பினர்கள் வந்து கெஞ்சினார்கள். பெண் என்பதால் நான் போருக்குப் போக முடியாது, வேறு யாரையும் அனுப்பவும் மாட்டேன் என்று சொல்லி 'இல்லை' என்றார். முடிவு 388க்கு 1. செனட்டில் 82க்கு 0.

வெளியே வந்தவரைக் கூட்டமும் நிருபர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, காவலர்களை அழைத்து, அவர்கள் துணையோடுதான் தன் அறைக்குப் போக முடிந்தது. மொன்டானா நூற்றுக்கு நூறு உனக்கு எதிராக இருக்கிறது என்று வெலிங்டன் தந்தி அடித்தார். கான்சஸ் மாநிலத்துப் பத்திரிகையாசிரியர் வில்லியம் ஆலன் வைட், அந்த நிலைப்பாட்டை முழுக்க மறுத்துக்கொண்டே, அந்தத் துணிச்சலைப் பாராட்டி எழுதினார்.

அந்த வாக்கு சரியா என்று கேட்டால் என் பதில், இல்லை. தாக்கப்பட்ட நாடு திருப்பி அடிக்காமல் இருந்திருக்க முடியாது. ஹிட்லரோடு சேர்ந்து நின்ற ஜப்பானை வேறு எப்படியும் நிறுத்தியிருக்கவும் முடியாது. ஆனாலும் அந்த ஏட்டில் அந்த 'இல்லை' இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். நாட்டின் பிள்ளைகளைச் சாக அனுப்பும் கேள்வி ஒரே ஒரு மணி நேரத்துக்குள், எதிர்க்க எழுந்தவரைப் பேசவிடாமல் முடிந்துவிட்டது. அந்தக் கேள்வியின் பாரத்தை உரக்கச் சொன்ன குரல் அது ஒன்றுதான்.

மூன்று நாள் கழித்து, டிசம்பர் 11 அன்று, ஜெர்மனி மீதும் இத்தாலி மீதும் பிரகடனங்கள் வந்தன. ஜெர்மனிக்கு 393க்கு 0, இத்தாலிக்கு 399க்கு 0. இரண்டிலும் ரேங்கினின் பதில் 'ஆஜர்' என்பது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 'ஆம்', 'இல்லை' தவிர 'ஆஜர்' என்றும் ஓர் உறுப்பினர் பதில் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவர் வந்திருந்ததாகக் கணக்கு, அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகையில் சேரும், ஆனால் எந்தப் பக்கமும் எண்ண மாட்டார்கள். வெளியே போய்விடுவதும் இதுவும் ஒன்றல்ல. போனவர் பொறுப்பைத் தவிர்க்கிறார். 'ஆஜர்' என்பவர் இங்கேதான் இருக்கிறேன், இந்தக் கேள்விக்கு இரண்டு பதிலும் என்னிடம் இல்லை என்று பெயரோடு சொல்கிறார். 1917 டிசம்பரில், ஏற்கெனவே தொடங்கிவிட்ட போர்தானே என்று 'ஆம்' சொன்னவர், 1941 டிசம்பரில் அதே வாதம் கையில் இருந்தும் அதைச் சொல்லவில்லை. இந்த இரண்டு டிசம்பர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், கொள்கைப் பதுமையாக இல்லாமல், ஒவ்வொரு முறையும் புதிதாக யோசித்துத் தவித்த ஓர் ஆள் தெரிகிறார்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பேர்ல் ஹார்பர் நடந்து சரியாக ஓராண்டு கழித்து, ரூஸ்வெல்ட் வேண்டுமென்றே ஜப்பானைச் சீண்டிப் போருக்குள் இழுத்தார் என்று உணர்த்தும் ஓர் உரையை அவைக் குறிப்பில் சேர்த்தார். போரை எதிர்ப்பது ஒன்று, தாக்கியவனின் பொறுப்பைத் தாக்கப்பட்டவன் தலையில் ஏற்றுவது இன்னொன்று. அந்த உரை அவருடைய வாக்குக்கு வலுச் சேர்க்கவில்லை.

1942 தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. அந்த இடத்துக்கு மைக் மான்ஸ்ஃபீல்டு வந்தார். பின்னாளில் செனட்டில் பதினாறு ஆண்டு பெரும்பான்மைத் தலைவராக இருந்தவர்.

பதவி போன பிறகு ரேங்கின் தேடிப்போன நாடு இந்தியா. 1946இல் தொடங்கிப் பலமுறை வந்தார். ஆயுதம் எடுக்காமல் ஒரு பேரரசை எதிர்க்கும் காந்தியின் வழி எப்படி வேலை செய்கிறது என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வதே நோக்கம். அவர் வாழ்நாள் முழுக்கத் திண்டாடிய கேள்வி அதுதானே. போர் வேண்டாம் என்று சொல்பவனிடம், சரி, வேறு என்ன செய்வது என்று உலகம் கேட்கிறது. அதற்குப் பதில் தேடித்தான் 66 வயதில் கடல் கடந்து வந்தார்.

1968 ஜனவரி 15 அன்று, 87 வயதில், வியட்நாம் போரை எதிர்த்துச் சுமார் 5,000 பெண்களோடு தலைநகரில் நடந்தார். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் உடன் வந்தார். அந்த அணிக்கே ஜெனட் ரேங்கின் படை என்று பெயர். சபாநாயகர் ஜான் மக்கார்மக்கிடம் மனு கொடுத்தார்கள். 1973 மே 18 அன்று கலிபோர்னியாவில் ரேங்கின் இறந்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் பிரதிநிதிகள் சபையில் மின்னணு வாக்குப்பதிவு வந்திருந்தது. 1985இல் மொன்டானா மாநிலம் தலைநகரின் நாடாளுமன்றக் கட்டடத்தில் அவருக்குச் சிலை வைத்தது. பீடத்தில், போருக்கு வாக்களிக்க என்னால் முடியாது என்ற 1917ஆம் ஆண்டு வாசகம் பொறித்திருக்கிறது.

கடைசியாக ஒரு கணக்கு. அமெரிக்கா தன் வரலாற்றில் முறைப்படி போர்ப் பிரகடனம் செய்தது மொத்தம் 11 முறை. 1812இல் பிரிட்டன் மீது, 1846இல் மெக்சிகோ மீது, 1898இல் ஸ்பெயின் மீது என மூன்று. மீதி எட்டும் ரேங்கின் உறுப்பினராக இருந்த நான்கு ஆண்டுகளுக்குள் வந்தவை. 1917இல் இரண்டு, 1941இல் மூன்று, 1942 ஜூனில் பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது மூன்று. இந்தக் கடைசி மூன்றுக்கும் சபையில் ஓர் எதிர்வாக்கும் விழவில்லை. அதன் பிறகு பிரகடனமே இல்லை. கொரியா, வியட்நாம், ஈராக், எல்லாம் வேறு பெயர்களில், வேறு வகை அனுமதிகளில், சில நேரம் அனுமதியே இல்லாமல் நடந்தன. போருக்குப் போகிறோமா, ஆமா இல்லையா என்று நேராகக் கேட்டுப் பெயர் வாசிக்கும் வழக்கம் ரேங்கினின் காலத்தோடு நின்றுவிட்டது.

2001 செப்டம்பர் 14 அன்று, இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த மூன்றாம் நாள், படைபலத்தைப் பயன்படுத்த ஜனாதிபதிக்கு அனுமதி தரும் தீர்மானம் வந்தது. 420 பேர் ஆதரித்தார்கள். 1941இல் ரேங்கின் தனியாக நின்றதுபோல, கலிபோர்னியாவின் பார்பரா லீ மட்டும் எதிர்த்தார். எல்லையும் கால வரம்பும் இல்லாத அதிகாரத்தை இப்படி எழுதிக் கொடுக்கக் கூடாது என்பது அவர் வாதம். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, காவல் போட வேண்டியதாயிற்று. அந்தத் தீர்மானத்தை ரத்துசெய்யச் சொல்லி, அவையில் இருந்தவரை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப முயன்றார். ஒரு பத்திக்குள் அடங்கிவிடும் அந்த அனுமதியைக் காட்டி, 2001இல் பெயரே கேள்விப்படாத அமைப்புகள் மீதும் பல நாடுகளில் தாக்குதல்கள் நடந்திருக்கின்றன.